பூட்டிக்கொண்ட தண்ணீர்: வாடகை ஆர்.ஓ. இயந்திரத்தோடு எட்டு மாதம்

2023 டிசம்பர் 7ஆம் தேதி விடியற்காலை என் மாமியார் மாத்திரை போட்டுக்கொள்ளத் தண்ணீர் கேட்டார். சமையலறைச் சுவரில் தொங்கிய சுத்திகரிப்பு இயந்திரத்தின் வயிற்றில் ஏழு லிட்டர் நல்ல தண்ணீர் இருந்தது. முகப்புக் கண்ணாடி வழியே அதன் மட்டம் தெளிவாகத் தெரிந்தது. முந்தின இரவுதான் மின்சாரம் திரும்பியிருந்தது. டம்ளரைக் குழாயின் கீழே பிடித்துக்கொண்டு தொடுதிரையில் விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. சந்தாக் கணக்கைச் சரிபார்க்க முடியவில்லை, இணையத்தோடு இணையுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடியது. மறுபடியும் தொட்டேன். மறுபடியும் அதே வரி.

மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்து மூன்று நாள் ஆகியிருந்தது. வடசென்னையின் திருவொற்றியூரில் எங்கள் தெருவில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றது. சம்ப்பில் மழைநீரும் சாக்கடையும் கலந்துவிட்டதால் மோட்டார் போட முடியாது. எர்ணாவூர்ப் பக்கம் இருக்கும் என் நாத்தனார் வீட்டிலோ, எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய் தேங்கிய வெள்ளத்தின் மேல் படலமாக வந்து நின்றது. புயலுக்கு முதல் நாள் நான் பிடித்து வைத்திருந்த இரண்டு குடமும் ஒரு தவலையும் காலியாகிவிட்டன. வீட்டில் குடிக்கத் தகுந்த தண்ணீர் அந்த இயந்திரத்துக்குள் மட்டும்தான் இருந்தது. அது புயலுக்கு முன்பே எங்கள் குழாயிலிருந்து ஏறி, எங்கள் மின்சாரத்தில் சுத்தமாகி, எங்கள் சுவரில் தொங்கிய தண்ணீர். டிசம்பர் மாதத்துக்கான வாடகையையும் 1ஆம் தேதியே கட்டியிருந்தேன்.

இணையம் வந்தது 11ஆம் தேதி மாலை. இணைப்பு கிடைத்த இரண்டாவது நிமிடம் இயந்திரம் தானாகத் திறந்துகொண்டது. இடைப்பட்ட நான்கு நாளும், மாடி வீட்டுப் பெண்மணி கொடுத்த ஒரு குடத்தையும், தெருப் பையன்கள் மீன்பாடி வண்டியில் வைத்து இடுப்பளவு தண்ணீர் தாண்டித் தள்ளிக்கொண்டு வந்த கேன்களையும் வைத்துக் கழித்தோம். 35 ரூபாய்க் கேன் அந்த நாட்களில் 100 ரூபாய்க்குப் போனது. வண்டி தள்ளிய பையன்கள் தங்கள் உழைப்புக்கு ஒரு பைசா வாங்கவில்லை.

எட்டு மாதம் பயன்படுத்தி, ஜனவரியில் அந்த இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். எங்கள் பக்கத்தில் பலர் இதைப் போன்ற வாடகை இயந்திரங்களை வாங்க யோசிப்பதால் அனுபவத்தை விவரமாக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இந்த முறையில் பல நிறுவனங்கள் தொழில் செய்கின்றன, கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாரிடமும் ஒன்றுதான்.

முதலில் திட்டம். முன்பணம் 1,500 ரூபாய், மாத வாடகை 449 ரூபாய், மாதத்துக்கு 300 லிட்டர் வரை. இயந்திரம் அவர்களுடையது. பழுது பார்ப்பதும் வடிகட்டி மாற்றுவதும் அவர்கள் செலவு. ஒரே நேரத்தில் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் போட்டு இயந்திரம் வாங்க முடியாத குடும்பத்துக்கு இது நல்ல ஏற்பாடு என்று எண்ணித்தான் நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த எண்ணத்தில் தவறில்லை என்று இப்போதும் சொல்வேன். ஆனால் நாங்கள் மூன்று பேர், சமையலுக்கும் சேர்த்து மாதம் 180 லிட்டருக்கு மேல் எடுத்ததில்லை. லிட்டருக்கு இரண்டரை ரூபாய் ஆகிறது. அப்போது சாதாரண நாளில் கேன் தண்ணீர் லிட்டர் ஒன்றே முக்கால் ரூபாய்க்குத்தான் கிடைத்தது. பயன்படுத்தாத 120 லிட்டரை அடுத்த மாதக் கணக்கில் சேர்ப்பார்களா என்று கேட்டேன். மாட்டார்களாம்.

விற்பனைக்கு வந்தவர் செய்து காட்டிய சோதனையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இதே சோதனையை இன்றும் வீடு வீடாகச் செய்து காட்டுகிறார்கள். இரண்டு டம்ளர். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த சுத்திகரித்த தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகள் நீட்டிய ஒரு சிறு கருவியை வைத்து மின்சாரம் கொடுத்தார். அரை நிமிடத்தில் எங்கள் தண்ணீர் செம்மண் கரைத்தது போலப் பழுப்பாகி, மேலே நுரை கட்டியது. அவருடைய தண்ணீர் ஏறக்குறைய தெளிவாகவே நின்றது. "இதைத்தான் அம்மா இத்தனை வருடமாகக் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார். என் மாமியார் பயந்துவிட்டார். எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பயத்தில்தான் கையெழுத்துப் போட்டேன்.

என் கணவர் எண்ணூரில் லாரி தயாரிக்கும் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று வீட்டில் இல்லை. வந்ததும் கதையைக் கேட்டார். இயந்திரத்திலிருந்து ஒரு டம்ளர் சுத்தமான தண்ணீர் பிடித்தார், ஒரு சிட்டிகை கல்லுப்பு போட்டுக் கலக்கினார், இரண்டு இரும்பு ஆணிகளை வைத்து பேட்டரியை இணைத்தார். கொஞ்ச நேரத்தில் அதுவும் அதே பழுப்பு. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் கம்பியில் இருக்கும் இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். டம்ளரில் நாங்கள் பார்த்த அழுக்கு அந்தக் கருவியின் கம்பியிலிருந்து வந்தது. நம் உடம்புக்குத் தேவையான தாது உப்பு உள்ள எந்த நல்ல தண்ணீரும் அந்தச் சோதனையில் தோற்றுப்போகும். வயதானவர்களைப் பயமுறுத்திச் செய்யும் இந்த வியாபாரம் எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

பிறகுதான் சில நூறு ரூபாய் கொடுத்து, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கினோம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வரும் மெட்ரோ குழாய்த் தண்ணீரில், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் தண்ணீரில், லிட்டருக்கு 310 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 சொல்லும் ஏற்கத்தக்க அளவு 500. வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. ஆக உப்பைப் பொறுத்தவரை எங்கள் குழாய்த் தண்ணீரில் குறையே இல்லை. கிருமிக்குத்தான் கொதிக்க வைக்க வேண்டும். ஆர்.ஓ. இயந்திரத்துக்குள் இருக்கும் மெம்பரேன் என்னும் மெல்லிய சவ்வு முதன்மையாக உப்பை நீக்குவதற்கானது. டி.டி.எஸ். 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்களைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதமே மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டிருந்தது. விற்பனைக்கு வந்தவர் எங்கள் தண்ணீரின் அளவை ஒரு முறைகூட மீட்டரில் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்துக்கு வந்த தண்ணீரின் கதையே வேறு. காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய மீஞ்சூர் கடல்நீர்க் குடிநீர் ஆலை நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தயாரிக்கும் திறன் கொண்டது. அங்கே கடல்நீரை அழுத்தம் கொடுத்து மெம்பரேன் வழியே தள்ளி உப்பைப் பிரித்தார்கள். பெரிய அளவில் அதுவும் ஆர்.ஓ.தான். அந்தத் தண்ணீர் திருவொற்றியூர், மணலிப் பக்கங்களுக்கு வந்தது. கடலிலிருந்து அத்தனை செலவில் ஒரு முறை உப்பு நீக்கி வந்த தண்ணீரை வீட்டுச் சுவரில் இன்னொரு முறை வடிகட்டி, அதில் முக்கால் பங்கைச் சாக்கடையில் விட்டோம்.

முக்கால் பங்கு என்பதை அளந்துதான் சொல்கிறேன். இயந்திரத்தின் கழிவுக் குழாயைப் பத்து லிட்டர் வாளியில் விட்டு வைத்தேன். ஏழு லிட்டர்த் தொட்டி நிரம்புவதற்குள் இரண்டு வாளி நிறைந்துவிட்டது. இருபத்தேழு லிட்டர் உள்ளே போய் ஏழு லிட்டர் கிடைத்தது. எங்கள் 180 லிட்டருக்கு மாதம் 500 லிட்டருக்கு மேல் கழிவு. அந்தக் கழிவு வாளியிலும் மீட்டரை வைத்துப் பார்த்தோம்: 410. வேண்டாம் என்று இயந்திரம் வெளியே தள்ளிய தண்ணீரிலும் உப்பு, தரநிலை சொல்லும் 500க்குக் கீழேதான். அன்றிலிருந்து ஒரு சொட்டு வீணாக்காமல் பாத்திரம் தேய்க்கவும் தரை துடைக்கவும் பிடித்து வைத்தேன். 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்தது. அந்த ஊரில் இருந்துகொண்டு மாதம் 500 லிட்டரைக் கழிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு போர் தண்ணீரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில், அதே மீட்டர் 1,900 காட்டியது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. 1960களிலிருந்தே தொடரும் பிரச்சினை அது. குழாய் இணைப்பு கிடைக்காமல் போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் வீடுகளுக்கு ஆர்.ஓ. தேவைதான். அவர்களை நான் தடுக்க மாட்டேன். இந்த இயந்திரம் தந்த தண்ணீரும் சுவையாகத்தான் இருந்தது, டீயில் வித்தியாசம் தெரிந்தது. சத்தமும் குறைவு. வடிகட்டிகளைச் சொன்ன தேதியில் வந்து மாற்றினார்கள்.

வந்து மாற்றியவர் மணலியிலிருந்து வரும் ஓர் இளைஞர். அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். காலணியை வெளியே கழற்றி வைத்துவிட்டு வருவார், வேலை முடிந்ததும் தரையைத் துடைத்துவிட்டுப் போவார். முதல் முறை கிளம்பும்போது வாசலில் தயங்கி நின்றார். "அம்மா, செயலியில் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுங்கள். நான்கு போட்டால்கூட எனக்கு அடுத்த வாரம் வேலை குறைத்துக் கொடுப்பார்கள்" என்றார். நான் உடனே அவர் கண் முன்னாலேயே போட்டேன். புயலுக்குப் பிறகு அவருக்குத்தான் முதலில் போன் செய்தேன். அவருடைய வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது. "பூட்டைத் திறக்கும் வழி எங்கள் கையில் இல்லை அம்மா, எல்லாம் சர்வரிலிருந்துதான்" என்று சொல்லும்போது அவர் குரல் கம்மியது. அவர்மேல் கோபப்பட என்ன இருக்கிறது? நிறுவனத்துக்கும் எனக்கும் நடுவே நின்ற ஒரே மனிதர் அவர்தான். அவருக்கு நட்சத்திரத்தைத் தவிர எந்த அதிகாரத்தையும் அவர்கள் கொடுக்கவில்லை.

இனி அந்தக் குழாய். சாதாரண இயந்திரங்களில் அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். கையால் திருகினால் தண்ணீர் தானாக இறங்கிவிடும். மின்சாரம் இல்லாவிட்டாலும் தொட்டியில் இருப்பதைப் பிடித்துக் குடிக்கலாம். இந்த வாடகை இயந்திரத்தில் அப்படி எதுவும் கிடையாது. உள்ளே மின்சாரத்தால் திறக்கும் வால்வு, வெளியே தொடுதிரை. எத்தனை லிட்டர் போனது என்று எண்ணுவதற்காகவும், பணம் கட்டாவிட்டால் நிறுத்துவதற்காகவும் அப்படி வைத்திருக்கிறார்கள். சமையலறையில் ஈரக் கை, மாவுக் கை, எண்ணெய்க் கை. ஈர விரலை அந்தத் திரை சரியாக உணராது. என் மாமியாருக்கு 84 வயது. அவர் விரல் காய்ந்து, சுருக்கம் விழுந்து, ரேகை தேய்ந்துபோனது. அவர் தொட்டால் பத்துக்கு ஏழு முறை அது அசையாது. நடு இரவில் தாகம் எடுத்தால் எழுந்து போய் அதன் முன்னால் நின்று விரலை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, என்னை எழுப்ப மனமில்லாமல் திரும்பி வந்து படுத்துக்கொள்வார். ஜூலை மாதம் ஒரு நாள் தற்செயலாக விழித்துப் பார்த்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது. "ஏன் அத்தை எழுப்பவில்லை?" என்று கேட்டேன். "அது உன் கைக்குத்தான் கொடுக்கிறது" என்றார். அந்த வாரமே அவர் தலைமாட்டில் ஒரு மண்கூஜாவை வாங்கி வைத்தேன்.

தெருமுனை அடிபம்பில் இருபது குடம் அடித்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர் அவர். அந்தக் கைப்பிடியை அழுத்த வலுவுள்ள யார் அழுத்தினாலும் தண்ணீர் வந்தது.

செயலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீர் இயந்திரத்தின் செயலி என் போனில் இருப்பிடத்தைக் கேட்டது, தொடர்பு எண்களைக் கேட்டது, புகைப்படங்களைக் கேட்டது. சுவரில் ஆணியடித்து மாட்டிய இயந்திரத்துக்கு நான் எங்கே போகிறேன் என்பது எதற்கு? மறுத்தால் ரீசார்ஜ் பக்கம் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் இருப்பிடத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். கணக்கு என் எண்ணில் இருந்ததால் என் கணவர் பணம் கட்ட வேண்டும் என்றாலும் ஓ.டி.பி. எனக்குத்தான் வரும். நான் ஒரு துக்க வீட்டுக்கு விழுப்புரம் போயிருந்தபோது மாத வாடகை முடிந்துவிட்டது. சடங்கு நடந்துகொண்டிருக்கும்போது அவர் போன் செய்து ஆறு எண்களைக் கேட்டார்.

வாடிக்கையாளர் சேவைதான் என்னை மிகவும் புண்படுத்தியது. நான் வடசென்னை அஞ்சலகங்களில் 31 ஆண்டுகள் கவுண்ட்டரில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். மணியார்டர் வராத தாய், பாஸ்புக் நனைந்துபோன மீனவர், கையெழுத்து மாறிப்போன ஓய்வூதியக்காரர் என்று எத்தனையோ பேர் கோபத்தோடு என் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். பல நேரம் என்னால் உடனே தீர்த்துவைக்க முடியாது. ஆனாலும் எதிரே ஒரு முகம் இருந்தது. இன்ன காகிதம் கொண்டு வாருங்கள், இன்ன அதிகாரியைப் பாருங்கள், வியாழக்கிழமை வந்து என்னையே கேளுங்கள் என்று சொல்ல ஒரு வாய் இருந்தது. கணினி நின்றுபோன நாட்களில் கையால் ரசீது எழுதிக் கொடுத்திருக்கிறோம். வரிசையில் நிற்பவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று எனக்கு வேலை கற்றுக் கொடுத்த பெரியவர்கள் சொல்லித்தான் வளர்த்தார்கள்.

இந்த நிறுவனத்தில் முதலில் பதிவு செய்த குரல் பேசுகிறது. தமிழுக்கு 3ஐ அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் பதினான்கு நிமிடம் இசை, பிறகு இணைப்பு அறுந்துவிடுகிறது. இது டிசம்பர் 8ஆம் தேதி நடந்தது. மொட்டை மாடியில் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் கிடைத்ததால் அங்கே நின்றுகொண்டு பேச முயன்றேன். பிறகு எழுத்தில் பதில் சொல்லும் இயந்திர உதவியாளரிடம் போனேன். "இயந்திரத்தில் தண்ணீர் இருக்கிறது, வெளியே வரவில்லை" என்று தமிழில் எழுதினேன். உங்கள் பகுதி நீர் விநியோகம் குறித்து உள்ளாட்சி அமைப்பை அணுகவும் என்று பதில் வந்தது. "புயல், இணையம் இல்லை, பூட்டிவிட்டது, வீட்டில் 84 வயதுப் பெரியவர் இருக்கிறார்" என்று எழுதினேன். இணைய இணைப்பைச் சரிபார்க்க ரௌட்டரை அணைத்துப் போடவும் என்றது. மனிதரோடு பேச வேண்டும் என்று மூன்று முறை எழுதினேன். மூன்றாவது முறை, உரையாடல் முடிந்தது, எங்கள் சேவையை மதிப்பிடுங்கள் என்று ஐந்து நட்சத்திரங்களைக் காட்டியது. மழைத் தூறலில் நின்றபடி அதைப் பார்த்து அழுதேன்.

என் கணவர் பெட்டியைத் திறந்துவிடலாம் என்று எழுந்தார். எல்லாத் திருகாணிகளும் நடுவில் முள் வைத்த நட்சத்திரத் தலை கொண்டவை, நம் வீட்டுத் திருப்புளி எதுவும் பொருந்தாது. தொழிற்சாலையில் நாற்பது ஆண்டு எஞ்சின்களைப் பிரித்து மாட்டிய கை, ஒரு தண்ணீர்ப் பெட்டி முன்னால் செய்வதறியாமல் நின்றது. மூடியை உடைத்தால் முன்பணம் போய்விடும், அதற்கு மேல் இயந்திரத்தின் விலையையும் கேட்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. உடைக்கத்தான் வேண்டும் என்று அவர் சொன்னார். நான் தடுத்துவிட்டேன். இன்று யோசித்தால் தடுத்திருக்கக் கூடாது என்றே தோன்றுகிறது.

அந்த ஒப்பந்தத்தை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். பதினொன்றாம் பக்கத்தில், இணையத் தொடர்பு இல்லாமல் இயந்திரம் 72 மணி நேரம் வரை இயங்கும் என்று இருந்தது. எங்கள் இணையம் அறுந்தது 3ஆம் தேதி இரவு. அதோடு மின்சாரமும் போனது. மின்சாரம் இல்லாமல் இயந்திரம் செத்துக் கிடந்த மூன்று நாளையும் அந்த 72 மணி நேரத்தில் சேர்த்து எண்ணிவிட்டது. மின்சாரம் 6ஆம் தேதி இரவு வந்தபோது அதன் கணக்கில் எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லை.

பூட்டிக் கிடந்த நாட்களுக்கு வாடகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லி எழுதினேன். இணைய வசதி வாடிக்கையாளரின் பொறுப்பு என்று பதில் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். அங்கே தமிழில் பேசினார்கள், எண் கொடுத்தார்கள், நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அதன் பிறகுதான் அந்த நிறுவனத்திலிருந்து பெயர் சொல்லிப் பேசும் ஒரு மனிதர் முதன்முறையாக எனக்குப் போன் செய்தார். எட்டு நாள் வாடகை 116 ரூபாயைத் திருப்பினார்கள். பணத்துக்காக நான் அலையவில்லை. சேவை நின்றது அவர்கள் பக்கத்துத் தவறு என்று எழுத்தில் வர வேண்டும் என்று விரும்பினேன். அந்த வரி மட்டும் கடைசி வரை வரவில்லை. ஜனவரி மூன்றாம் வாரம் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். முன்பணம் பதினெட்டு நாளில் வந்து சேர்ந்தது.

இப்போது குழாய்த் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறியதும் எவர்சில்வர் தவலையில் ஊற்றி மூடி வைக்கிறேன். தவலையின் அடியில் பித்தளைக் குழாய் இருக்கிறது. எரிவாயு கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகிறது, மறைக்கவில்லை. மாமியார் இரவில் தானே எழுந்து போய்ப் பிடித்துக் குடிக்கிறார்.

போன மாதம் எதிர்வீட்டு அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வீட்டுக்கு வேறொரு நிறுவனத்தின் விற்பனையாளர் வந்திருந்தார், மேசைமேல் படிவம் விரித்தபடி இருந்தது. நான் அந்தத் தம்பியிடம், வைஃபையை அணைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் காட்டுங்கள் என்றேன். அணைத்தார். தண்ணீர் வந்தது. அக்கா என்னைப் பார்த்தார். "எத்தனை நாள் வரை வரும்?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டார். நான்கு நாள் என்றார்கள். "மின்சாரம் இல்லாத நேரத்தையும் அதில் சேர்த்து எண்ணுமா? கையால் திறக்கும் குழாய் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் மேடம் என்று எண்ணை வாங்கிக்கொண்டு போனார். அக்கா படிவத்தை மடித்து டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறார். அந்தத் தம்பியின் பதிலுக்காக இருவரும் காத்திருக்கிறோம்.